ஈரத்தில் வழுக்காத பெயர்

"முல்லையா? அப்பா, அது சமையலறைச் சுவர். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாதுன்னு நீங்கதானே எழுதினீங்க," என்றாள் மகள் போனில்.

பேர்க்காரர் காகிதத்தில் முல்லையை அடித்தார்.

"சரி, தென்றல்?"

"பால்கனி. ரெண்டே வருஷத்துல வெளுத்துப் போச்சுன்னு ஆளுங்க சண்டைக்கு வந்தாங்களே."

"அருவி?"

அருவி என்ற டைல்ஸை எந்த அறையில் பதிப்பார்கள் என்பது இருவருக்கும் தெரியும். காலை வேளையில் அதை வாய்விட்டுச் சொல்ல இருவருக்கும் மனம் வரவில்லை.

"அடிச்சுட்டேன்மா," என்றார் அவர்.

டைல்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக அவருக்கு இதுதான் வேலை. வரைபவர்களின் அறையிலிருந்து ஒரு வடிவம் வரும். இவர் அதற்குப் பெயர் வைப்பார். கேட்டலாக்கில் அந்தப் பெயர் தடித்த எழுத்தில் மேலே நிற்கும். கீழே, ஒரு வரி விட்டு, பாதி அளவில், சாய்ந்த எழுத்தில் வடிவமைத்தவர் பெயர். அதற்கும் கீழே அளவு, பதிக்கும் இடம், வழுக்குமா வழுக்காதா என்கிற தகவல். வடிவமைத்தவர்கள் இருவர் என்றால் அகர வரிசை. ஒரு தடவை வைத்த பெயரை மறுபடி வைக்கக் கூடாது. இந்தச் சட்டங்களை எழுதியவரும் அவர்தான், அவற்றில் மாட்டிக்கொண்டு விழிப்பவரும் அவர்தான். அவருடைய சொந்தப் பெயர் கம்பெனியில் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் பேர்க்காரர்.

இருபத்தொரு நாளைக்கு முன் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அவர் சொல்லிவிட்டார்: "பேரை மட்டும் என்கிட்ட விட்டுடுங்க."

எல்லோரும் உடனே சரி என்றார்கள். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதற்கே மூன்று காரணம் கேட்கும் சம்பந்தியம்மா கூட, "உங்களை விட்டா யாரு சம்பந்தி?" என்றார். அது அவருக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

இதுவரை நானூற்றுப் பதினொரு பெயர்கள் வைத்தாயிற்று. எல்லாம் சதுர அடிக் கணக்கில் விற்று, ஊரார் காலடியில் கிடக்கின்றன. மகளுக்குப் பெயர் வைக்கலாம் என்றால் அந்தப் பாக்கியத்தை அவருடைய அப்பா தட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரே ஒரு பெயரையாவது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஒன்றுக்கு வைத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது.

ஏக்கம் இருந்தது, பெயர்தான் இல்லை. நல்ல பெயரெல்லாம் தீர்ந்துவிட்டது. ஒரு வருடம் பஞ்சம் தாங்காமல் மகளின் பெயரையே ஒரு டைல்ஸுக்கு வைத்திருந்தார். மகளின் பள்ளிக்கூடத்தார் அதை மொத்தமாக வாங்கிக் கழிப்பறையில் பதித்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அவள் பட்ட பாட்டை அவள் இன்னும் மறக்கவில்லை.

இன்று இரட்டைக் கெடு. மூன்று மணிக்குள் கேட்டலாக் அச்சகத்துக்குப் போக வேண்டும். ஐந்து மணிக்குள் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் குழந்தையின் பெயரைக் கொடுக்க வேண்டும். தவறினால் மனு, சாட்சி, விசாரணை என்று ஆறு மாதம் அலைய வேண்டும் என்று அங்கே பலகையே மாட்டியிருந்தார்கள்.

மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, மொதல்ல கேட்டலாக் வேலைய முடிங்க. பேரை நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு வாங்க மாட்டாங்கம்மா. இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"அதெல்லாம் வாங்குவாங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

பால் பொங்கினாலே ஊரைக் கூட்டுகிறவள் அவள். அவள் பதறாமல் இருந்தது அவருக்குப் பதற்றமாக இருந்தது.

பன்னிரண்டரை மணிக்குக் கடைசி டைல்ஸின் படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். தாடி வரைந்தது. தாடி என்பவர் வரைபவர்களில் மூத்தவர். கேட்டலாக்கிலும் தன் பெயரைத் தாடி என்றே போடச் சொல்வார். அந்தப் பெயரைச் சொன்னால்தான் மேஸ்திரிகளுக்குத் தெரியும் என்பது அவர் வாதம். படத்தில் மணல் நிறத்தில் மங்கலாக ஒரு மஞ்சள் சாய்ந்து விழுந்திருந்தது.

இளவெயில்.

பேர்க்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய கேட்டலாக்குகளை இழுத்துப் போட்டுத் தேடினார். இல்லை. இருபத்தாறு வருடத்தில் எங்கேயும் இல்லை. இது எப்படித் தப்பியது என்று அவருக்கே புரியவில்லை. இதை டைல்ஸுக்குக் கொடுக்கக் கூடாது. இது குழந்தைக்கு. தாடிக்கு வேறு ஏதாவது போதும் என்று ஈரமணல் என்று ஒன்றை வைத்தார்.

இரண்டையும் கணினியில் அடித்தார். வீட்டுக்கு அனுப்புவதை அழகாக அனுப்பினால் சம்பந்தியம்மாவும் பார்ப்பாரே என்று நினைத்தார். ஆனால் அவர் கைக்குத் தெரிந்த அழகு ஒன்றுதான். மேலே தடித்த எழுத்தில் இளவெயில். ஒரு வரி விட்டு, சாய்ந்த எழுத்தில், வடிவமைப்பு: மகள் பெயர், மருமகன் பெயர், அகர வரிசையில். கை நிற்கவில்லை. அளவு: ஐம்பது சென்டிமீட்டர் என்று அடித்த பிறகுதான் தலையில் தட்டிக்கொண்டு அதை அழித்தார்.

இன்னொரு தாளில் ஈரமணல். வடிவமைப்பு: தாடி. அளவு: முப்பது சென்டிமீட்டர். குளியலறைக்கு ஏற்றது. ஈரத்தில் வழுக்காது.

ஒன்றை அச்சகத்துக்கும் ஒன்றை வீட்டுக்கும் அனுப்பிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். இரண்டு கவளம் கூட உள்ளே போகவில்லை. சம்பந்தியம்மாவின் போன்.

"சம்பந்தி, ஈரமணல்னு பேரா? சரி, அது போகட்டும். கீழே தாடின்னு ஒருத்தர் பேர் போட்டிருக்கே, அது யாரு?"

தாள் மாறிப் போயிருக்கிறது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பேத்தியின் பெயரை டைல்ஸ் தாளில் அடித்தேன் என்று எப்படிச் சொல்வது? பாதியைச் சொன்னார்.

"அவர் எங்க கம்பெனில இருக்கார். ரொம்பத் திறமைசாலி."

"அவர் பேர் எதுக்கு என் பேத்திக்குக் கீழே?"

"பழக்கத்துல வந்துடுச்சும்மா. இந்த வருஷம் மட்டும் பதினோரு இடத்துல அவர் பேர்தான் போட்டிருக்கு."

"பதினோரு இடத்துலயா!"

"இல்லம்மா, நான் சொல்ல வந்தது..."

"என் பையனுக்குத் தாடியே வளராது சம்பந்தி," என்று சொல்லி அந்த அம்மாள் போனை வைத்தார்.

டப்பாவை மூடுவதற்குள் கதவு திறந்தது. தாடி நின்றார். கையில் அச்சகத்திலிருந்து வந்த மாதிரித் தாள்.

"யாருய்யா இவங்க ரெண்டு பேரும்?"

அவருடைய டைல்ஸின் படத்துக்கு மேல் இளவெயில் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே மகளும் மருமகனும் சாய்ந்திருந்தார்கள்.

"நாலு மாசம் கண்ணு வீங்க வரைஞ்சது நான். இவங்க எந்த ஊர் டிசைனருங்க?"

"அது வேற விஷயம் தாடி. என் மக, மருமகன்."

"குடும்பத்தையே உள்ளே கொண்டாந்துட்டியா?"

"அய்யோ, தாள் மாறிடுச்சு. இப்பவே எடுத்துடச் சொல்றேன்." அச்சகத்துக்குப் போன் போட்டார். "கடைசிப் பக்கத்துல கீழே இருக்கற பேர் தப்பு. அதை எடுத்துடுங்க."

"எடுத்தாச்சு சார்," என்றார் அச்சகக்காரர் ஒரு நிமிடத்தில். அந்த வேகம் பேர்க்காரருக்குப் பிடிக்கவில்லை.

"எதை எடுத்தீங்க?"

"கீழே இருக்கற பேரைத்தானே? நாப்பது பக்கத்துலயும் எடுத்தாச்சு. இப்பப் பாருங்க, பளிச்சுன்னு இருக்கு."

கால் மணி நேரத்தில் மற்ற மூன்று வரைபவர்களும் அறைக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேர் வராமல் எழுந்திருக்கப் போவதில்லை என்றார். இன்னொருவர் எதுவும் பேசாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது இன்னும் பயமாக இருந்தது. பேர்க்காரர் நாற்பது பக்கத்துக்கும் யார் யார் என்று போனில் ஒப்பித்தார். கடைசிப் பக்கத்தில் இளவெயிலை எடுத்துவிட்டு ஈரமணல் என்று போடச் சொன்னார். நடுவில் ஒருவர் பெயர் இன்னொருவரின் மாடிப்படி டைல்ஸில் ஏறி, இறங்கி, ஒருவழியாக அவரவர் இடத்தில் உட்கார்ந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. மூவரும் போனார்கள். தாடி மட்டும் போகவில்லை.

"என் பேரைப் போட்டுட்ட, சரி. ஆனா டைல்ஸ் பேர் ஏன் ஈரமணல்னு மாறிடுச்சு?"

"அதுதான் அதோட பேரு."

"இல்ல. இளவெயில்தான் அதோட பேரு. இருபத்தாறு வருஷத்துல நீ வச்ச உருப்படியான பேர் அது ஒண்ணுதான்."

அப்படி ஒரு பாராட்டு அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை. கிடைத்த நேரம்தான் சரியில்லை.

"அது என் பேத்திக்கு வச்சிருக்கேன் தாடி."

"பேத்திக்கு வேற வையி. சின்னப் பொண்ணு, எந்தப் பேர் வச்சாலும் வளரும். என் டைல்ஸ் ஒரு பேரை நம்பித்தான் விக்கணும்."

பேர்க்காரருக்குக் கண் கலங்கியது. கோபத்திலா களைப்பிலா என்று அவருக்கே தெரியவில்லை. "நான் வச்ச பேரை யாரும் வாய்விட்டுக் கூப்பிட்டதே இல்ல தாடி. எத்தனை பெட்டின்னுதான் கேட்டிருக்காங்க. இந்த ஒண்ணை விட்டுடு. உனக்கு என்ன வேணும்னாலும் கேளு."

தாடி தாடியைத் தடவினார். அவர் வெகு நாளாகக் கேட்க நினைத்தது ஒன்று இருந்தது.

"என் பேர் மேலே வரணும். தடிச்ச எழுத்துல. டைல்ஸ் பேர் அதுக்குக் கீழே, சின்னதா, சாஞ்சு."

"எல்லாப் பக்கத்துலயுமா?"

"எனக்கு மட்டும் போட்டா மத்தவங்க சும்மா இருப்பாங்களா? எல்லாப் பக்கத்துலயும்தான்."

இருபத்தாறு வருடமாகக் கட்டிக் காத்த சட்டம். முதலாளியே ஒரு தடவை மாற்றச் சொல்லி இவர் மறுத்திருக்கிறார். மணியைப் பார்த்தார். மூன்றே முக்கால்.

"அகர வரிசையை மட்டும் விட்டு வைப்பியா?" என்றார்.

"வச்சுக்க," என்றார் தாடி பெருந்தன்மையாக.

நாற்பது பக்கத்திலும் பெயர்கள் தலைகீழாயின. அச்சகக்காரர், "இயந்திரம் ஓட ஆரம்பிச்சாச்சு சார், இனி ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது," என்றபோது நான்கு இருபது. பேர்க்காரர் பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகளுக்குப் போன் செய்தார்.

"கிடைச்சுடுச்சும்மா. இளவெயில். எந்தச் சுவத்துலயும் இல்ல, எந்தத் தரையிலயும் இல்ல. நானே பாத்துட்டேன்."

"ரொம்ப நல்லாருக்குப்பா," என்றாள். குரல் கம்மியிருந்தது. "கேட்டலாக் போயிடுச்சா?"

"அது கெடக்கு. நான் பதிவு ஆபீசுக்குப் போய்க்கிட்டு இருக்கேன்."

"அப்பா, வேணாம், வீட்டுக்கு வாங்க. பேசிக்..."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. போன் துண்டிக்கப்பட்டது. பெற்ற வயிறு, சந்தோஷத்தில் என்ன பேசுவதென்று தெரியவில்லை பாவம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பதிவு அலுவலகத்தில் ஒரே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் கைப்பையில் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டிருந்தாள். மணி ஐந்துக்கு எட்டு நிமிடம்.

"ஒரு பேர்தான்மா," என்று மூச்சு வாங்கியபடி படிவத்தை நீட்டினார். வரிசையில் நின்றபடியே நிரப்பியது. குழந்தையின் பெயரைத் தடித்த எழுத்தில் எழுதி, ஒரு வரி விட்டு, பெற்றோர் பெயரைச் சாய்த்து எழுதியிருந்தார்.

அவள் பதிவு எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். படிவத்தைப் பார்த்தாள். பிறகு அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"சார், நீங்க டைல்ஸ் கம்பெனியா?"

"ஆமாம்மா," என்றார் அவர். தன் புகழ் இதுவரை வந்திருக்கிறதே என்று கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது. "எப்படித் தெரியும்?"

"பேர் மூணாம் நாளே பதிஞ்சாச்சு சார். உங்க வீட்டம்மாவும் சம்பந்தியம்மாவும்தான் வந்திருந்தாங்க. தாத்தா வந்து கேட்டா, கேட்டலாக் அச்சுக்குப் போயிடுச்சான்னு விசாரிச்சுட்டு அப்புறமா பேரைச் சொல்லுங்க, இல்லேன்னா அந்தப் பேரையும் டைல்ஸுக்கு வச்சுடுவாருன்னு சொல்லிட்டுப் போனாங்க. போயிடுச்சா சார்?"