வாயால் பறந்த ஹாஜியார்

பெட்ரோலில் பறக்கும் விமானங்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. வாயால் பறந்த விமானம் ஒன்றே ஒன்றுதான். அதை ஓட்டியவர் காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருந்தவர். ஊருக்கு அவர் பைலட் ஹாஜியார். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் பக்கத்துக் கடைக்காரரே தலையைச் சொறிவார்.

சில வருடங்களுக்கு முன், மட்டக்களப்பில் ஓடுபாதையின் ஓரமாக ஒரு சின்னப் பறக்கும் பள்ளி இருந்தது. தகரக் கூரை அலுவலகம், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு விமானம், ஒரு கெப்டன். மேசைக்குப் பின்னால் நான். காலையில் வாவிக் காற்று வந்து காகிதங்களைக் கலைக்கும். மத்தியானம் வெயில் வந்து எங்களைக் கலைக்கும். படிக்க வருகிறவர்கள் எல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்ட இளவட்டங்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு நாள், கழுத்தில் அளவு நாடா தொங்க, கை மடித்த வெள்ளைச் சேட்டில் ஹாஜியார் வந்து நின்றார்.

"தம்பி, பறக்கப் படிக்க வயசு எல்லை இரிக்கா?"

"இல்ல ஹாஜியார். டொக்டர் சரியெண்டாப் போதும்."

"அப்ப என்ட பேரையும் போடுங்க."

ஏன் இந்த வயதில் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார். எனக்குச் சொன்னது, கடைக் கூரையில் ஒழுக்கு எங்கே என்று மேலேயிருந்து பார்க்க. அலுவலகத்தைக் கூட்டுகிற அக்காவுக்குச் சொன்னது, மருமகனை வெருட்ட.

எங்கள் கெப்டன் ஓர் இளம்பெண். மட்டக்களப்பு டவுனில் பிறந்தவர், ஹாஜியாரின் கடைசி மகளைவிட வயது குறைந்தவர், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். முதல் நாளே அவருக்குப் பெயர் மாறிவிட்டது. "கெப்டன் மகள்!"

"முதல்ல பறக்கணும். ரெண்டாவது, எங்க போறம் எண்டு பாக்கணும். கடைசியாத்தான் பேசணும். விளங்கினதா ஹாஜியார்?"

"நல்லா விளங்கிட்டு மகள். இந்த விசயத்தில என்ட வாப்பா என்ன செல்லுவாரெண்டா..."

அந்தக் கதை முடிவதற்குள் விமானம் ஏறி, திரும்பி, இறங்கிவிட்டது. ஓட்டியது கெப்டன்.

உன்னிச்சைப் பக்கம் பயிற்சிக்குப் போனால் கெப்டனுக்கு உயிர் போய் வரும். கீழே குளம் வெள்ளித் தட்டாகக் கிடக்கும். வரம்புகளால் கோடு போட்ட வட்டைகள் பச்சையும் மஞ்சளுமாக விரிந்திருக்கும். ஹாஜியாருக்கு அது வயல் இல்லை, சரக்கு. "அல்லாஹ்வே! பாருங்க மகள், என்ன மாதிரிச் சாரன் கட்டம்! இந்த டிசைன மருதமுனையில குடுத்து நெய்யோணும்" என்று காட்டுவதற்கு இரண்டு கையையும் எடுத்துவிடுவார். விமானம் தன் பாட்டில் மூக்கைத் தொங்கப்போடும். முகிலைக் கண்டால் பருத்தி ரகம் சொல்வார். மாலை நேரத்து வாவியைக் கண்டால், "இது பட்டு. ஆனா சாயம் நிக்காது" என்பார்.

வானொலி அதைவிட மோசம். கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேசுவதற்கென்று அளந்துவைத்த ஆங்கில வார்த்தைகள் உண்டு. பெயர், இடம், நோக்கம், அவ்வளவுதான். ஹாஜியார் பொத்தானை அழுத்தியதும் வருவது வேறு.

"அஸ்ஸலாமு அலைக்கும், டவர்த் தம்பி! சாப்பாடெல்லாம் ஆச்சா?"

கோபுரத்திலிருந்து, அளந்த வார்த்தைகளை மட்டும் பேசுங்கள் என்று இறுக்கமான ஆங்கிலத்தில் ஓர் அறிவுரை. ஹாஜியார் சளைக்கவில்லை. கிழமைக் கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு நாள் கோபுரம் மெல்லிய குரலில் தமிழில் சரணடைந்தது: "சாப்பிட்டாச்சு ஹாஜியார்."

இறங்குவதுதான் அவருக்கு வரவில்லை. ஓடுபாதைக்குச் சற்று மேலே மூக்கை மெதுவாகத் தூக்க வேண்டிய அந்த ஒரு கணத்தில்தான் அவருக்கு முக்கியமான ஏதோ ஒன்று சொல்லத் தோன்றும். விமானம் தரையில் இடித்து எழும்பும், மறுபடி இடிக்கும், மறுபடி எழும்பும்.

"மூண்டு தரம் இறங்கியிருக்கம். புத்தகத்தில எதை எழுதட்டும்?" என்றார் கெப்டன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மூண்டையும் எழுதுங்க மகள். பெருநாள் சேல்தானே, ஒண்டு வாங்கினா ரெண்டு இலவசம்."

இப்படியே சிரித்துப் போயிருக்கலாம். மருத்துவச் சான்றிதழ் குறுக்கே வந்தது. இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, இந்த மாதத்தோடு காலாவதி, இனிப் புதுப்பிக்க மாட்டேன் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கெப்டன் பக்கத்தில் இருந்தால் எப்போதும் பறக்கலாம். தனியாக ஒரு சுற்றுப் பறக்க வேண்டுமென்றால் அந்த மாதம்தான். கெப்டனோ சம்மதிக்கவில்லை. "துள்ளித் துள்ளி இறங்கிற ஆளை எப்பிடித் தனிய விடுறது?"

அன்றுதான் ஹாஜியார் என் மேசை முன்னால் உட்கார்ந்து உண்மையான காரணத்தைச் சொன்னார்.

"மூத்தவன் கட்டாருக்குப் போனான். இளையவன் துபாய்க்கு. பொறகு மருமகன். எல்லாரையும் எயார்போட் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிண்டு கை காட்டி அனுப்பினவன் நான். ஒருக்காவாச்சும் அனுப்புறவனா இல்லாமப் போறவனா இருக்கோணும் தம்பி. ஹஜ்ஜுக்குப் போனதும் ஆரோ ஓட்டினதிலதான். இது என்ட கையால."

மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமைக் காலை. காற்று அடங்கி, வாவி எண்ணெய் தடவியதுபோல் கிடந்தது. கெப்டனும் ஹாஜியாரும் சேர்ந்து பறந்து, சில இறக்கங்கள் இறங்கினார்கள். துள்ளல் குறைந்திருந்தது. ஓடுபாதை ஓரத்தில் விமானம் நின்றது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கெப்டன் கதவைத் திறந்து இறங்கினார்.

"மகள், எங்க போறீங்க?"

"டீ குடிக்க. நீங்க ஒரு சுத்துப் போயிட்டு வாங்க."

கதவைச் சாத்தினார். கெப்டனின் பாரம் இல்லாத விமானம் வாலில் நெருப்புப் பிடித்ததுபோல் சட்டென்று எழும்பியது. கெப்டன் கையில் சின்ன வானொலி, பக்கத்தில் நான். இருவரும் டீயை மறந்து அண்ணாந்து நின்றோம்.

வானொலி பேசவில்லை. ஓடுபாதைக்குச் சமாந்தரமாக வரும் இடத்தில், சொல்லவேண்டிய வார்த்தைகளை மட்டும் அந்தக் குரல் சொன்னது. ஸலாம் இல்லை, சாப்பாடு இல்லை. மறுபடியும் அமைதி.

கெப்டன் வானொலியின் ஒலியைக் கூட்டினார். "ஆளுக்கு ஏதோ ஆயிட்டு" என்றார்.

கோபுரத்துக்கும் அதே பயம் போலிருக்கிறது. கிழமைக் கணக்கில் எங்களை அதட்டிய அந்தக் குரல், விதியெல்லாம் மறந்து, தமிழில் தடுமாறிக் கேட்டது:

"ஹாஜியார்... சாப்பிட்டீங்களா?"

பதில் வந்தது.

"ஸ்டேண்ட் பை."

பொறு, இப்போது வேலையாக இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். தன் வாழ்நாளில் யாரிடமும் பேச்சைப் பிற்போடாத மனிதர் சொன்ன வார்த்தை அது. கெப்டன் வானொலியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் தளும்பியது. விமானம் திரும்பி, தாழ்ந்து, புல்லின் மேல் தன் நிழலை இழுத்துக்கொண்டு வந்து, தரையை ஒரே ஒரு தரம் தொட்டது. இலவசம் எதுவும் இல்லை.

முதன்முதலாகத் தனியே பறந்தவரின் சேட்டைப் பின்பக்கம் வெட்டி எடுப்பது பறக்கும் பள்ளிகளின் வழக்கம். முற்காலத்தில் பின்னால் இருக்கும் ஆசிரியர் மாணவனின் சேட்டைப் பிடித்து இழுத்துத்தான் திருத்துவாராம். இனி அந்த வால் தேவையில்லை என்று பொருள். கெப்டன் கத்திரிக்கோலோடு நெருங்க, ஹாஜியார் குதித்து விலகினார்.

"இதென்ன மகள், எலி கடிச்ச மாதிரி வெட்டப் பாக்கிறீங்க? தாங்க இங்க!"

சேட்டைக் கழற்றி மேசையில் விரித்தார். அளவு நாடாவை வைத்தார். ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு. "இப்ப ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுங்க. பயப்படாதீங்க, நூல் தானா வழி விடும்." சர்ரென்று நேர்கோடாகக் கிழிந்து வந்த துண்டைக் கெப்டன் கையிலேயே கொடுத்தார். மீதியைப் போட்டுக்கொண்டு என் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினார்.

காத்தான்குடிக்குப் போகும் வழியில், வாவி மேல் கல்லடிப் பாலத்தில் காற்று அவருடைய திறந்த முதுகில் ஏறி விளையாடியது. பின்னால் வந்த ஆட்டோக்காரன் கத்தினான்: "ஹாஜியார், சேட்டு எங்க?"

அவர் என் காதருகே குனிந்தார்.

"கடமையான ஹஜ்ஜே ஒருக்காத்தான் தம்பி. இதுவும் ஒருக்கா. போதும்."

போதும் என்று சொன்ன அந்தக் குரலில் போதாமை இருந்தது. பாலம் முடிந்ததும், அவர் கேட்காமலே, நான் வண்டியைத் திருப்பி இன்னொரு முறை அதன்மேல் ஏற்றினேன்.