நான் காவல் காத்த நூற்றைந்து டிகிரி

புதுச்சத்திரம்,
வெள்ளிக்கிழமை.

சேலம் அஸ்தம்பட்டி மச்சினன் ஆனந்தகுமார் அவர்களுக்கு, மாமன் சண்முகவேல் எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் அக்கா உஷாராணி, மகள் கயல்விழி, நான் மூவரும் நலம். நீங்களும் நலமாக இருந்தால்தான் இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்து வயிறெரிய முடியும் என்பதால், உங்கள் நலத்தை மிகவும் விரும்புகிறேன்.

ஆயுத பூஜைக்கு வந்தபோது, கை கழுவிக்கொண்டே கயலிடம், "மாமனை அந்த மிசின் பக்கம் மட்டும் உட்டறாதே சாமி" என்றீர்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். வெண்ணந்தூர் சேகோ ஆலையில் முப்பது வருடம் ஜவ்வரிசி வறுத்தவன் நான். விறகு அடுப்புத் தட்டு, கொதிகலன், சூடான எண்ணெய் குழாயில் ஓடும் வறுவல் மிசின் எல்லாவற்றோடும் மல்லுக்கட்டியவனை, கயல் நம் வீட்டிலேயே வைத்திருக்கும் லேபில் பீரோ அளவு ஓவன் பக்கம் விடக் கூடாதாம். மனசு விட்டுச் சொல்கிறேன், அன்று ரொம்ப வலித்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று கயலின் ஜவ்வரிசி சோதனை லேபுக்கு அங்கீகாரம் கொடுக்க அதிகாரி குணசீலன் வந்தார். சீல் வைத்த ஜவ்வரிசிப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, அதன் ஈரப்பதத்தைச் சாயங்காலத்துக்குள் சொல்லச் சொன்னார். சரியான விடை அவர் பையில். தப்பினால் லேபைப் பூட்டிவிட்டு, கயல் மறுபடி யாரிடமோ சம்பளத்துக்குப் போக வேண்டியதுதான். முன்னறையில் புது ஓவன். பின்னறையில் பழைய ஓவனும், பக்கத்தில் மஃபிள் ஃபர்னஸும். ஓவன் நூற்றைந்து டிகிரி சூட்டுக் காற்றில் ஈரத்தை மட்டும் எடுக்கும். ஃபர்னஸ் அறுநூறு டிகிரிக்குப் போய்ப் பொருளையே சாம்பலாக்கிவிடும். சேலத்துக்காரருக்குப் புரியட்டும் என்று விளக்குகிறேன். கயல் ஒரு தட்டு ஜவ்வரிசியைப் பழைய ஓவனில் வைத்து, "அப்பா, இதுதானுங்க முக்கியமான சாம்பிள். நீங்கதான் காவல், எந்திரிச்சு முன்னறைக்கு வராதீங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சும்மா உட்கார்ந்தேனா? வறுவல் தட்டில் பழகிய கை நிற்குமா, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து கரண்டியால் கிளறிவிட்டேன். அந்த நேரம் பார்த்து வெளியே மழை. மாடியில் காய்ந்துகொண்டிருந்த மிளகாய் வடகத்தை வாரிக்கொண்டு வந்த உங்கள் அக்கா, கீழ்த்தட்டு சும்மாதானே கிடக்கிறது என்றாள், நானும் ஆமாம் என்று உள்ளே தள்ளினேன். சற்று நேரத்தில் ஓவன் கண்ணாடி பூராவும் ஆவி. சாம்பிளுக்கு ஈரம் ஏறிவிடுமே என்று பதறி வடகத்தை உருவி, அணைந்து கிடந்த ஃபர்னஸுக்குள் ஒளித்துவைத்தேன். ஐந்து நிமிடத்தில் கயல் அதிகாரியைக் கூட்டி வந்து, சாம்பல் சோதனைக்கு முன்சூடு என்று அதே ஃபர்னஸைப் போட்டுவிட்டாள். அப்புறம் கிளம்பிய மிளகாய்ப் புகையில் அதிகாரி எட்டுத் தும்மல் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, உள்ளே என்னங்க என்று கேட்டார். எங்க ஊட்டு வடகமுங்க, சாம்பல் சோதனைக்கு வெச்சதுங்க என்றேன். கயல் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கயல் சொன்னது பதினொன்றரை சதவீதம். அதிகாரி பையைத் திறந்தார். பதினொன்றரை! அங்கீகாரத்தில் கையெழுத்து விழுந்தது. இத்தனை களேபரத்திலும் அந்தத் தட்டைக் காத்தது என் முப்பது வருடக் கை. இனி ஓவன் என்ற பேச்சை என்னிடம் எடுக்கும்முன் இருமுறை யோசியுங்கள். நோய்நொடி இல்லாமல், அடுத்தவரைக் குறைவாக எடைபோடாமல், குடும்பத்தோடு நெடுநாள் வாழ ஆசீர்வதிக்கும்,

மாமன் சண்முகவேல்.

பின்குறிப்பு: கடிதத்தைப் படித்துப் பார்த்த கயல் ரொம்ப நேரம் சிரித்தாள். அதிகாரியின் ஜவ்வரிசி முன்னறையில் புது ஓவனில் இருந்ததாம். நான் காத்தது நம் அடுப்படி டப்பாவில் இருந்து எடுத்ததாம். என்னை அப்படி உட்காரவைக்கும் யோசனையைப் போனில் சொன்னது நீங்களாம். வருத்தம்தான், ஆனால் என்னையே மூன்று மணி நேரம் நகராமல் உட்காரவைத்தவள் இனி எந்த அதிகாரியையும் சமாளிப்பாள். நான் கிளறிய ஜவ்வரிசியில்தான் இன்று பாயசம். ஒரு குழைவு இல்லை, முத்து முத்தாக நிற்கிறது. உங்களுக்கு ஒரு டம்ளர் எடுத்து வைத்திருக்கிறோம், வந்து குடித்துவிட்டு அதையும் குறை சொல்லுங்கள்.