பொட்டு வைத்த ஆன்டிபாடி

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் அம்மன் பார்க்க வேண்டும். சைக்கிள், ரைஸ் குக்கர், மகனின் பள்ளிக்கூடப் பை எல்லாம் கோயிலுக்குப் போய்த்தான் பாயான் பாருவில் இருந்த எங்கள் வீட்டுக்குள் வந்தன. பக்தி இருந்த அளவுக்கு எனக்குப் புத்தியும் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். என் தங்கச்சி வசந்தா பல்கலைக்கழகத்தில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு வெளிநாட்டிலிருந்து ஆன்டிபாடி என்று ஒரு மருந்து வந்தது. (மருந்து என்றால் இன்றைக்கும் திட்டுவாள்.) மனித செல்லின் மேல் ரிசப்டர் என்று கதவு மாதிரி ஒன்று இருக்குமாம். எத்தனை கதவு இருந்தாலும் இது அந்த ஒரு கதவைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளுமாம். அதை வைத்துத்தான் அவளுடைய கடைசிப் பரிசோதனை. ஸ்காலர்ஷிப் முடியப்போகிறது, இன்னொன்று வரவழைக்க நேரமில்லை.

"ஏர்போர்ட்ல எடுத்துட்டு நேரா வாங்கண்ணே. ஐஸ விட்டு வெளிய எடுக்காதீங்க."

நேராகத்தான் போனேன். கோயில் வழியில் இருந்தால் நான் என்ன செய்வது?

பெட்டியை உள்ளே வைக்க முடியாது, பொருளை மட்டும் கொடுங்கள் என்றார் குருக்கள். திறந்தேன். அவ்வளவு பெரிய பெட்டிக்குள் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு குப்பி.

"யார் பேருக்கு அர்ச்சனை?"

"ஆன்டிபாடி."

"நட்சத்திரம்?"

தங்கச்சியின் ரோகிணியைக் கொடுத்தேன். குருக்கள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. (லாரிக்கே அர்ச்சனை செய்தவர்.) குப்பியை அம்மன் பாதத்தில் வைத்து மந்திரம் சொன்னார். முடிந்ததும் எடுத்துத் தருவார் என்று நின்றேன். வெள்ளிக்கிழமை அலங்காரத்துக்குத் திரை விழுந்துவிட்டது.

திரை போட்ட பிறகு அம்மனை அவசரப்படுத்த யாருக்குத் துணிச்சல் வரும்? கையிலிருந்த பெட்டியில் ஐஸ் கரைந்து காலில் சொட்டியது. நானும் கரைந்துகொண்டிருந்தேன்.

திரை திறந்தபோது அம்மன் மஞ்சள் பட்டில் ஜொலித்தாள். காலடியில் குப்பி, சந்தனம் பூசி, நடுவில் குங்குமப் பொட்டோடு.

பல்கலைக்கழகத்தில் வசந்தா பொட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பக்கத்தில் அவளுடைய பேராசிரியர், ஒரு மலாய் அம்மா, அவரும் பார்த்தார்.

"இது கெட்டிருந்தா என் படிப்பு அவ்வளவுதாண்ணே" என்று மட்டும் சொல்லி, குப்பியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பரிசோதனை முடியும்வரை தினமும் கோயிலுக்குப் போய் நின்றேன். பொட்டு வைத்தது உன் கோயில் தாயே, பாதிப் பொறுப்பு உனக்கும்தான் என்று அம்மனிடம் சண்டை போட்டேன்.

கடைசியில் அவளே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னாள். கும்மிருட்டில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பச்சை வளையம், கார்த்திகைக்கு விளக்கேற்றின மாதிரி.

"ஒட்டிக்கிச்சுண்ணே."

எனக்குக் கண் கலங்கி விளக்கெல்லாம் ஒன்றாகிவிட்டது. அடுத்த பார்சலுக்கும் அண்ணனையே அனுப்பு லா என்று அந்த மலாய் அம்மா சிரித்தார். கொஞ்ச நேரம் குளிர் இல்லாவிட்டாலும் அது தாங்குமாம், வசந்தா பிறகு சொன்னாள். அம்மனும் சும்மா இருக்கவில்லை என்பது என் கட்சி.

இப்போது வசந்தாவே பேராசிரியர். புதுக் குப்பி வந்தால் அவளே மூடியில் சிவப்பு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துத்தான் ஃபிரிட்ஜில் வைக்கிறாள். ஏன் என்று யாருக்கும் சொன்னதில்லை. அவளிடம் படிக்கும் சீனப் பெண் ஒருத்தி, புள்ளி வைக்காத குப்பி சரியாக வேலை செய்யாது என்று புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாளாம்.