பலகைக்கு ஏற்ற கணினி

மார்ச் மூன்றாம் தேதி, ஆய்வகத்தின் இரண்டாம் மாடியில் 'முழுக் குவாண்டம் கணினிப் பிரிவு' என்ற பலகை மாட்டப்பட்டது.

வடிவமைப்பாளரின் வரைபடம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. கணக்குப் போடுவது குவாண்டம் பகுதி; அதற்கு உத்தரவிட்டு விடையை வாங்கிக் காட்டுவது ஒரு சாதாரணக் கணினி. இயக்குநர் கையெழுத்துப் போட்டால், வடிவமைப்பாளர் தன் மகள் வீட்டுக்குப் போய்ப் புதிதாகப் பிறந்த பேத்தியைப் பார்க்கலாம்.

இயக்குநர் வரைபடத்தின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இது என்னய்யா?"

"சாதாரண கம்ப்யூட்டர் சார். மத்ததை மேய்க்க."

"வாசல்ல முழுன்னு போட்டிருக்கு. இங்க இது எதுக்கு ஒட்டுக்குடித்தனம்?"

சாதாரணக் கணினி போனது. மேய்க்க ஒரு குவாண்டம் பகுதி வந்தது. அதை மேய்க்க இன்னொன்று. அதற்கும் ஒன்று.

மகள் வீட்டிலிருந்து மனைவி போன் செய்தாள். "குழந்தை குப்புற விழுந்தாச்சு. எப்பதான் வர்றீங்க?"

"வெள்ளிக்கிழமை."

"எந்த வெள்ளிக்கிழமை?"

அவர் வரைபடத்தைப் பார்த்தார். எல்லாப் பகுதிகளையும் உறைநிலைக்கும் கீழே குளிர வைக்க வேண்டும். குளிர்விக்கும் எந்திரம் வரைபடத்தில் அறையைத் தாண்டியது. கீழே கேன்டீன் கூடம்தான் பெரிது, அதை எடுத்துக்கொண்டார்கள். கேன்டீன்காரர் அவரோடு பேசுவதை நிறுத்தினார். டீயும் நின்றது.

"தவழுறா," என்றாள் மனைவி. "தாத்தா எங்கன்னு கேட்டா போனைக் காட்டுறா."

இயக்குநரின் விரல் இப்போது வரைபடத்தில் விடை காட்டும் திரையில் நின்றது. "இதுவும் சாதாரணம்தானே?"

"சார், விடையை எதிலயாவது படிச்சாகணுமே. படிச்ச நிமிஷமே அது சாதாரண விடையாயிடும்."

"அப்போ படிக்காதீங்க."

"விடை வந்துச்சான்னு எப்படி சார் தெரியும்?"

"முழுசா இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"இருக்கு சார்."

திரையும் போனது. இயக்குநர் பேனாவைத் திறந்தார். "இப்பதான்யா பலகைக்கு ஏத்த மாதிரி இருக்கு."

கையெழுத்து கிடைத்தது. விடுப்பும் கிடைத்தது. பேத்தி அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

அவர் பெட்டியோடு வெளியே வந்தபோது, பலகை எழுதியவர் ஏணியில் நின்று, அதைக் கேன்டீன் கூடத்துக்கு மாற்றுவதற்காகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எழுத்து நல்லா இருக்குய்யா," என்றார் வடிவமைப்பாளர், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"பலகை கொஞ்சம் நீளமாப் போச்சு சார். எழுத்துக்கு முன்னாடி இடம் மொட்டையா இருந்துச்சு. அந்த 'முழு' நானா சேர்த்ததுதான்."