பெரியம்மாவை ஆங்கிலத்தில் கொன்ற கதை

ஆங்கிலத்தில் ஒருவரைக் கொன்றால் தமிழில் அவருக்குச் சேதி போகாது என்று நம்பியிருந்த காலம் அது. நம்பிக் கொன்றேன். கொன்றது என் பெரியம்மாவை.

அவர் மாத்தளைக்குப் பக்கத்துப் பலாபத்வலயில், மிளகுக்கொடி படர்ந்த வீட்டில், மகனோடும் மருமகள் ரஜனியோடும் திடகாத்திரமாக இருந்தார். என் ஆங்கிலச் சிறுகதையில் மட்டும் இறந்து, எப்போதும் உடுத்தும் அதே வெள்ளைச் சேலையோடு வாசலுக்கு வந்து, வருவோரிடம் ஆங்கிலம் பேசினார். உயிரோடு இருந்தவருக்கு அந்த மொழி தெரியாது. (செத்தா எல்லா மொழியும் வந்துடும் என்பது என் அன்றைய இலக்கியக் கொள்கை.) அதுவும் எப்படிப்பட்ட ஆங்கிலம்? வரவேற்கும்போது “சிட் அண்ட் கோ, மகன்.” விடைபெறும்போது “ஐ வில் கோ அண்ட் கம்.”

இணைய இதழில் வந்த அந்தக் கதையைத் தன் நூலில் சேர்க்க விரும்பி, லண்டனிலிருந்து ஒரு தொகுப்பாசிரியை மாத்தளைக்கே வந்துவிட்டார். கடைசி வரிதான் அவருக்கு இடித்தது.

“இறந்தவர் திரும்பி வருவதாக ஏன் சொல்ல வேண்டும்? ‘நான் போகிறேன்’ என்று மாற்றிவிடலாமே.”

மாற்றுவதா? எங்கள் ஊரில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டு வாசல் தாண்டுவதில்லை, அது அபசகுனம், வெள்ளைக்காரர் மொழியானாலும் எங்கள் வாசல்நிலையில் தலைகுனிந்துதான் உள்ளே வரவேண்டும் என்று பிரசங்கம் செய்தேன். அந்த வரி இல்லாமல் கதை இல்லை என்றேன். நிறுத்தியிருக்கலாம். இது உண்மைச் சம்பவம், பெரியம்மா காலமாகிவிட்டார் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

“அப்படியானால் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு முடிவுசெய்கிறேன்.”

வெள்ளிக்கிழமை மாலையாகப் பார்த்து அழைத்துப் போனேன். அந்நேரம் வீடே கோயிலுக்குப் போயிருக்கும். கேட்டுக்கு வெளியே நின்று காட்டிவிட்டுத் திரும்புவது திட்டம்.

மழை விட்டு மூட்டம் இறங்கியிருந்தது. நாங்கள் கேட்டருகே நின்றதும் மின்சாரம் போயிற்று. கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகளும் ஏனோ நின்றன. கதவு தானாகத் திறந்தது போலிருந்தது. உள்ளிருந்து ஒரு விளக்கு மிதந்து வந்தது. விளக்குக்குப் பின்னால் வெள்ளைச் சேலை.

“கம், மகன். சிட் அண்ட் கோ.”

பெரியம்மாவின் குரல். என் ஆங்கிலம். அவர் உயிரோடு இருப்பது தெரிந்த எனக்கே, ஒருவேளை நேற்றுப் போய்விட்டாரோ, எனக்குத்தான் யாரும் சொல்லவில்லையோ என்று பட்டது. தொகுப்பாசிரியையின் நகங்கள் என் கையில் இறங்கின.

விளக்கு நெருங்கியது. “ஒய் யூ கில் மீ?”

இது கதையில் இல்லாத வரி.

“நான் போகிறேன்,” என்றார் தொகுப்பாசிரியை, ஈனக்குரலில்.

“நோ, நோ,” என்றது வெள்ளைச் சேலை. “கோ அண்ட் கம்.”

தொகுப்பாசிரியை அதைத் திருப்பிச் சொன்னார், பள்ளிப்பிள்ளை போல. வாகனத்தில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டு, “வரி அப்படியே இருக்கட்டும்,” என்றார். பெரியம்மா உயிரோடுதான் இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். வரியை நினைத்து மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை பெரியம்மா காலில் விழப் போனேன். முழங்கால் வலியால் கோயிலுக்குப் போகவில்லையாம். கதையை வாசித்துத் தமிழில் சொன்னது ரஜனி. (ஆங்கில டீச்சர். இதைப் போய் மறந்தேனே நான்.)

“நீ எப்பவாவது வருவேன்னு பாடமாக்கி வச்சிருந்தேன்டா. அந்தக் கேள்வி மட்டும் ரஜனிகிட்ட தனியாக் கேட்டுப் படிச்சது.”

“மன்னிச்சிடுங்க பெரியம்மா.”

“போகட்டும். செத்ததாச் சொன்னா ஆயுசு கூடும்பாங்க.”

கூடத்தான் செய்தது. ஆனால் போன வருடம் ஆஸ்பத்திரியில் என்னை அருகே கூப்பிட்டு, சிரித்துக்கொண்டே கடைசியாகச் சொன்னதும் ஆங்கிலத்தில்தான்: “ஐ வில் கோ அண்ட் கம்.”

நான் பேனா எடுத்தாலே “இன்னைக்கு யாருக்குங்க சாவு?” என்று கேட்பது என் மனைவியின் வழக்கம். வெள்ளி மாலை மின்சாரம் போனால், “பெரியம்மா வந்தா உக்காந்துட்டுப் போகட்டும்,” என்று ஒரு நாற்காலியை வாசலில் இழுத்துப் போடுவாள். எல்லோரும் சிரிப்போம்.

வெளிச்சம் வரும்வரை அதில் யாரும் உட்காருவதில்லை.