மான்கள் குறைந்த விவரம்

ஒடுகத்தூர்,
25 மார்ச் 1929

மதிப்புக்குரிய மைத்துனர் திருவேங்கடம் அவர்களுக்கு,

வேலூரில் நீங்களும் என் தங்கையும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை, எழுதிவிட்டேன். என் கடிதங்களில் பாதிக்கு நீங்கள் பதில் போட்டதில்லை. இதற்குப் போட்டே ஆகவேண்டும். இது உங்கள் வக்கீல் தொழிலுக்கு வந்திருக்கும் வேலை.

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ரேஞ்சர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுகிறேன். காட்டிலாகா கொடுத்த நற்சாட்சிப் பத்திரத்தில் ஒரே வரி: "இவர் பொறுப்பில் மான்கள் கவலைப்படும்படி குறைந்துவிட்டன." குறைத்தது நான்தான், ஆனால் காகிதத்தில். நான் வந்தபோது இந்தப் பள்ளத்தாக்கில் முப்பது மான் இருந்தது. தோல் பதனிட ஆவாரம்பட்டை உரிக்கிறவர்களையும் கண்ணி வைக்கிறவர்களையும் விரட்டி, குட்டை வெட்டி, மூன்று வருஷத்தில் ஐம்பத்திரண்டாக்கி, பெருமையோடு மேலே எழுதினேன். நாற்பதைத் தாண்டினால் வேட்டைக்கு அனுமதி உண்டு என்ற விதியை அப்போதுதான் எனக்குச் சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்கு நான்கு துரைமார் வந்தார்கள். பத்தொன்பது மான் போயிற்று. வழி காட்டியவன் நான், அதுவும் உத்தியோகம். நன்றியாக ஒரு தோலை ஆம்பூரில் பதப்படுத்தி எனக்கே அனுப்பினார்கள். அதன்பின் வருஷத்துக்கு இரண்டிரண்டாகக் குறைத்து எழுதி, போன வருஷம் பதினொன்றில் வந்து நின்றேன். பக்கத்து ரேஞ்சர் எல்லப்பனோ, ஆடுகூட ஏறாத தன் மொட்டைமலையில் எண்பது மான் என்று எழுதினார். துரைமார் இரண்டு நாள் அலைந்து ஒன்றையும் காணாமல், எவ்வளவு சூட்டிகையான மான்கள் என்று வியந்து அவருக்கு மெடல் கொடுத்தார்கள்.

நேற்றைய வழியனுப்பு விழாவில் தோல் வியாபாரி அப்துல் ஹமீத் எனக்கு மாலை போட்டு, ஊரே கேட்கும்படி சொன்னார்: "இன்னா ரேஞ்சர் சார், இத்தினி வருசம் காவல் காத்து பதினோரு மான்தான் மிச்சமா? தோல்காரங்க நாங்ககூட இவ்ளோ ஜாஸ்தியா தீர்த்ததில்லியே!" எல்லோரும் சிரித்தார்கள். எல்லப்பன் சிரித்ததை நான் மறக்கமாட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் காவலாள் துரைசாமி அழாத குறை. "ஐயா, காலைல குட்டையாண்ட மட்டும் அறுபது தண்ணி குடிச்சிட்டுப் போச்சு. நான் சொல்லிடட்டுமா?"

"வாயை மூடு."

"மூடிதான் பன்னண்டு வருசமாச்சு. பேஜாரா கீது, ஐயா."

எனக்கும்தான். ஆகையால் உடனே ஒரு மனு எழுதி இலாகாவுக்கு அனுப்புங்கள். உண்மைக் கணக்கு நூற்று நாற்பத்திரண்டு, துரைசாமி சாட்சி. அந்த வரியை அடித்துவிட்டு என் பெயரை மீட்டுத் தர வேண்டும். எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான்.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். தங்கைக்கும் அப்படியே, என் நினைவு இருந்தால்.

இப்படிக்கு,
வீ. ஏகாம்பரம்

பி.கு.: தபாலுக்கு அனுப்புவதற்குள் புது ரேஞ்சர் வந்து இறங்கிவிட்டார். பெட்டி ஒன்று, துப்பாக்கி இரண்டு. உட்காருவதற்கு முன்பே, "இங்க மான் எத்தினி சார்?" என்றார். துரைசாமி என் முகத்தைப் பார்த்தான். ஒன்பது என்றேன். "பதினொண்ணுன்னு போட்டிருக்குதே?" இரண்டைச் சிறுத்தை தின்றுவிட்டது என்றேன். மனு வேண்டாம், இந்தக் கடிதத்தை அடுப்பில் போடுங்கள். இங்கே சிறுத்தை கிடையாது. ஆனால் அவர் இப்போது துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு, அந்தச் சிறுத்தை எந்தப் பக்கம் என்று கேட்கிறார். எல்லப்பனின் மொட்டைமலைக்கு வழி சொல்லியிருக்கிறேன்.