வெர்னா என்ற பெயரை மாற்ற மாட்டேன்

மதிப்பிற்குரிய நிறவகைப் பதிவேட்டு ஆசிரியர் திரு. பிக்கெட் அவர்களுக்கு,

ஓக்லஹோமாவிலிருந்து மெர்ல் ஸ்டாகில் பணிவுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் மலைப்பாம்புகளும் வேளைக்கு இரையெடுத்து, தோலை முழுசாக உரித்து, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி வெர்னாவும் நலம்.

என் பந்து மலைப்பாம்பின் புது நிறவகைக்கு ‘வெர்னா’ என்று நான் வைத்த பெயரை ஏற்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். ஆள் பெயர் கூடாதாம். மற்றவர்கள் தங்கள் பாம்பு வகைகளுக்கு வாழைப்பழம் என்று வைக்கலாம், சிலந்தி என்று வைக்கலாம், கோமாளி என்றுகூட வைக்கலாம், நாற்பது வருடமாக எனக்குச் சமைத்துப் போட்டவளின் பெயர் மட்டும் கூடாதா? படகுக்கு அம்மா பெயரை வைத்தேன், நாய்க்கு அத்தை பெயரை வைத்தேன், தன் பெயரை எதற்கும் வைக்கவில்லை என்ற குறை அவளுக்கு உண்டு. அக்டோபரில் எங்கள் கல்யாண நாளுக்குள் அதைத் தீர்ப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். மற்ற பாம்புகளுக்கு விலாவில் கண் வரைந்ததுபோல் திட்டுகள் இருக்கும், இதற்கு அவை இல்லை. தலையிலிருந்து வால்வரை ஒரே நேர்கோடு, வெர்னா எடுக்கும் வகிடு மாதிரி. வேறென்ன பெயர் வைப்பது?

துல்சா நகரத்துப் பாம்புக் கண்காட்சிக்குக் கொண்டுபோனதில்தான் வினை ஆரம்பித்தது. பெட்டியில் ‘வெர்னா, பெண், நன்றாகச் சாப்பிடும்’ என்று எழுதி ஒட்டியிருந்தேன், பக்கத்தில் வெர்னாவே உட்கார்ந்திருப்பாள் என்பதை யோசிக்கவில்லை. ஒருவர் வந்து, “வெர்னா கடிக்குமா?” என்றார். “பசிச்சா மட்டும்,” என்றாள் இவள். இன்னொருவர், “வெர்னாவைக் கோமாளியோட ஜோடி சேத்தா என்ன வரும்?” என்று கேட்க, “அதைத்தான் நாப்பது வருஷமா பாத்துட்டு இருக்கேன்,” என்றாள். அடுத்த மேசைக்காரன் டேல், “மெர்ல், இது புது வகையே இல்லப்பா. முட்டை குளிர்ந்து போனாலும் இப்படிக் கோடு விழும்,” என்று சிரித்தான், நான் அவனுக்குப் பதில் சொல்லத் திரும்பிய நேரத்தில் பாம்பு மூடியைத் தள்ளிக்கொண்டு போய் அவன் போட்டிருந்த கோட்டுக்குள் பந்தாகச் சுருண்டுவிட்டது, “யாராவது வெர்னாவை என் கோட்டுக்குள்ளேருந்து வெளிய எடுங்க” என்று அவன் கத்தும்போதுதானா எங்கள் போதகர் உள்ளே வரவேண்டும்.

குட்டிகளிலும் அதே கோடு வந்தால்தான் புது வகை என்கிறீர்கள். வரும். அக்டோபர் வாக்குத் தவறினாலும் மூன்று வருடம் காத்திருக்கச் சம்மதம். எனக்கு எழுபத்தொன்றுதான் ஆகிறது. பெயரை மட்டும் மாற்ற மாட்டேன்.

ஆண்டவர் தங்கள் குடும்பத்துக்குக் குறைவின்றி அருளட்டும். தங்கள் முட்டைகள் ஒன்று பாக்கியில்லாமல் பொரியட்டும்.

இப்படிக்கு,
மெர்ல் ஸ்டாகில்

பி.கு.: உறையை ஒட்டுமுன் வெர்னா இதை வாங்கிப் படித்தாள். பிறகு, “முட்டைங்க சூட்டுப் பெட்டியில இருந்தப்ப, பீச் பழம் காயவைக்கிற மெஷினுக்காக அந்தப் பிளக்கைப் புடுங்கிட்டேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஞாபகம் வந்துச்சு. மொத தடவையா என் பேரை எதுக்காவது வெச்சே, அதைக் கெடுக்க மனசு வரல,” என்றாள். ஆகவே இந்தக் கோடு குட்டிகளுக்கு வராது. என் விண்ணப்பத்தைக் கிழித்துப் போடுங்கள். பெட்டியில் ஒட்டிய பெயரை நான் கிழிக்கப் போவதில்லை. இதைப்போல் இன்னொன்று இனிமேல் பிறக்காது. வெர்னா என்ற பெயருக்கு அதைவிட வேறென்ன தகுதி வேண்டும்.